ஏவுகணைத் தொழிலில் ஒரு பெண்மணி

ஹைதராபாத் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குச் சார்மினாரும் கோல்கொண்டாக் கோட்டையும் சாலார்ஜங் காட்சிசாலையுமே நினைவுக்கு வருகின்றன. செகந்தராபாத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் தமிழ்க் குடும்பத்தாரைக் கேட்டால், ரயில்வேயும் ராணுவ முகாமும் தங்கள் முன்னோரை அங்கு அழைத்து வந்த வரலாற்றைச் சொல்லுவர். நகரின் தென்கிழக்குப் புறத்திலே காஞ்சன்பாக் என்றொரு பகுதி உண்டு. உல்லாசப் பயணிகள் அங்குச் செல்வதில்லை, செல்லவும் விடமாட்டார்கள். 1962ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு வந்த பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதனைச் சூழ்ந்து, ஏவுகணைகளுக்கு வேண்டிய அரிய உலோகக் கலவைகளை உருக்கும் ஆலையும், ஏவுகணைகளைச் செய்து முடிக்கும் தொழிற்சாலையும் எழுந்தன. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1982ஆம் ஆண்டில் அவ்வாய்வகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார் என்பதும், அடுத்த ஆண்டிலேயே நாட்டின் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கிற்று என்பதும் நம்மவர் அறிந்தவையே.

அங்கே 1988ஆம் ஆண்டில் பணியில் சேர்ந்த ஓர் இளம் பெண்ணைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறோம். பெயர் டெஸ்ஸி தாமஸ். தமிழர் அல்லர், கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்தவர். ஆயினும் சொந்த மொழி பேசும் நாட்டை விட்டுப் பிற மாநிலத்தில் பிழைப்பையும் பெயரையும் தேடிக்கொண்டவர் என்ற வகையில், வெளியூர்களில் வாழும் நமக்கு அவருடைய கதை அயலானது அன்று.

அவர் பிறந்தது 1963இல். அதே ஆண்டின் நவம்பர் மாதத்திலேதான் கேரளக் கடற்கரையில் தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் வானில் ஏறிற்று. அவர் பள்ளியில் படிக்கும்போதே தந்தையார் பக்கவாதத்தால் வலக்கை வலக்கால் செயலிழந்து படுத்துவிட்டார். பல பிள்ளைகள் உள்ள வீடு. தாயார் குடும்பத்தைத் தாமே தாங்கி, பெண்மக்கள் எல்லோரையும் படிக்க வைத்தார்.

திருச்சூர் அரசாங்கப் பொறியியல் கல்லூரியில் டெஸ்ஸிக்கு இடம் கிடைத்தது. தகுதி வரிசையில் முதலில் நின்ற சிலருக்குக் கல்விக் கட்டணத்துக்கு உபகாரச் சம்பளம் உண்டு. அது அவருக்கும் கிடைத்தது. ஆனால் கட்டணம் மட்டுமா செலவு? விடுதியில் தங்க வேண்டும், உண்ண வேண்டும். இதற்காகப் பாரத ஸ்டேட் வங்கியில் மாதம் 100 ரூபாய் வீதம் கல்விக் கடன் பெற்றார். வாசகர்கள் இந்த 100 ரூபாயைச் சற்று நின்று கவனிக்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். பெண்கள் இயந்திரத் துறைக்கு வராமைக்கு அறிவுக் குறைவே காரணம் என்று பேசுவோர் அக்காலத்தில் நிரம்ப இருந்தனர். இப்போதும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஒரு வீட்டில் பையனும் பெண்ணும் இருந்து, விடுதிக்குப் பணம் ஒருவருக்கே உண்டு என்றால், அது யாருக்குப் போகும் என்பதை நாம் நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம். வீட்டாரிடம் கேட்க வேண்டாத பணமாக அந்த 100 ரூபாய் வந்தது. பெண்ணின் பெயரிலேயே வந்த கடன், அவளே திருப்ப வேண்டிய கடன். பெருஞ்சொற்பொழிவுகள் செய்யாத காரியத்தை அது செய்தது.

திருச்சூரில் பட்டம் பெற்றபின் புனேயில் உள்ள படைக்கலத் தொழில்நுட்ப நிலையத்தில் ஏவுகணை பற்றிய மேற்படிப்பை முடித்து, ஹைதராபாத் வந்து சேர்ந்தார். அவர் வந்த மறு ஆண்டு, 1989 மே 22ஆம் நாள், ஒடிசாக் கடற்கரையிலிருந்து முதல் அக்னி ஏவுகணை பறந்தது. அன்று முதல் அவருடைய உத்தியோக வாழ்வு முழுவதும் அக்னியோடு பிணைந்துவிட்டது.

இவ்விடத்தில் நம் கிண்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சென்னைக் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940க்குச் சற்று முன்பின்னாக மூன்று பெண்கள் சேர்ந்தனர்: லலிதா, லீலம்மா, திரேசியா. லலிதா பதினைந்தாம் வயதில் மணமாகி, கைக்குழந்தை நான்கு மாதமாக இருக்கும்போது 1937இல் கணவரை இழந்தவர். தந்தையார் அக்கல்லூரியிலேயே பேராசிரியர்; அவர் முயற்சியாலும் கல்லூரித் தலைவர் சாக்கோவின் இசைவாலும் இடம் கிடைத்தது. படிப்பை முடித்தபோது கொடுத்த சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அச்சாகியிருந்ததாம். அதை அடித்து, 'அவள்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பின்னர் அவர் கல்கத்தாவில் ஒரு மின்பொறிக் கம்பெனியில் சேர்ந்து, பக்ரா நங்கல் அணையின் மின்வேலைகளிலும் பங்கு கொண்டார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவுக்கும் டெஸ்ஸிக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி. இதற்குள் சான்றிதழ்த் தாளைத் திருத்தி அச்சிட்டுவிட்டார்கள். தொழிற்கூடத்தில் பெண்களின் எண்ணிக்கையோ அவ்வளவு விரைவாகத் திருந்தவில்லை.

இனி, அவர் செய்த வேலை யாது? இதைச் சொல்லாமல் பட்டங்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போவது நமக்கு உடன்பாடன்று. முதல் அக்னியின் கீழ்க்கட்டம் திட எரிபொருளாலும் மேற்கட்டம் திரவ எரிபொருளாலும் இயங்கியது. திரவ எரிபொருள் வீட்டு எரிவாயு அடுப்பைப் போன்றது. வேண்டுமட்டும் எரித்து, வேண்டியபோது குழாயைத் திருகி நிறுத்தலாம். ஆனால் அதனை நிரப்பவும் பாதுகாக்கவும் தொல்லை அதிகம். 1999 ஏப்ரலில் பறந்த அக்னி-2 முதலாக இரு கட்டங்களுமே திட எரிபொருள் ஆயின. திட எரிபொருள் தீபாவளி வாணம் போன்றது. பற்றவைத்தால் முற்றும் எரிந்தே தீரும். நடுவில் நிறுத்த வழியில்லை. இலக்கு அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும் எரியும் மருந்து ஒன்றே. அவ்வாறாயின் குறித்த இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்ஙனம்? மிகுதியான வேகத்தைப் பாதையிலேயே செலவழிக்கும்படி ஏவுகணையை வளைத்தும் நெளித்தும் செலுத்த வேண்டும். இந்தக் கணக்கைப் பறந்துகொண்டிருக்கும்போதே, கண்ணிமைக்கும் நேரத்துக்குள், உள்ளிருக்கும் கணிப்பொறி போட்டுக்கொள்ள வேண்டும். நெடுந்தூர ஏவுகணைகளுக்கான இத்தகைய வழிநடத்தும் முறையை வகுத்தவர்களுள் டெஸ்ஸி தாமஸ் முதன்மையானவர். அக்னி வரிசையில் அம்முறை தொடர்ந்து கையாளப்பட்டது. மேசையில் அமர்ந்து செய்யும் கணக்குத்தானே என்று எவரும் இலேசாக எண்ணிவிட வேண்டாம். கணக்குப் பிழைத்தால் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டு உழைத்த பொருள் சில நொடிகளில் கடலுக்குள் போய்விடும்.

அவ்வாறு போனதும் உண்டு. 2006 ஜூலை 9ஆம் நாள், ஒடிசாக் கரைக்கு அப்பாலுள்ள தீவிலிருந்து அக்னி-3 முதன்முதலாக ஏவப்பட்டது. டெஸ்ஸி அத்திட்டத்தின் துணைத் திட்ட இயக்குநர்களுள் ஒருவர். கிளம்பியது என்னவோ நன்றாகத்தான் கிளம்பியது. பிறகு கட்டங்கள் பிரிய வேண்டிய இடத்தில் பிரியாமல் கடலில் விழுந்தது. நாடெங்கும் தலைப்புச் செய்தி! ஆராய்ந்து பார்த்தபோது, அடிப்புற உறையினுள் வெப்ப வாயு திரும்பிப் புகுந்து மின்னணுக் கருவிகளைக் கெடுத்தது என்று கண்டனர். குற்றத்தைக் கண்டு, மாற்றி, சோதித்து, ஒன்பது மாதத்தில், 2007 ஏப்ரல் 12 அன்று மீண்டும் ஏவினர். வெற்றி கிடைத்தது.

பின்னர் அக்னி-4 திட்டத்தின் இயக்குநராகவே அவர் அமர்ந்தார். இந்திய ஏவுகணைத் திட்டம் ஒன்றுக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. அங்கும் தொடக்கம் தோல்விதான். வேறு பெயரில் 2010 டிசம்பரில் நடந்த முதற்சோதனை பழுதாயிற்று. 2011 நவம்பர் 15இல் அக்னி-4 மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் பறந்து இலக்கைச் சேர்ந்தது. நீளம் 20 மீட்டர், எடை 17 டன். வானின் உச்சியிலிருந்து காற்று மண்டலத்துக்குள் திரும்பும்போது வெளிக்கவசம் 3000 பாகைக்கு மேல் கொதிக்க, உள்ளே கருவிகள் 50 பாகைக்குக் குறைந்த சூட்டில் வேலை செய்தன. நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்தால் இந்த 50 பாகையின் அருமை விளங்கும். அடுத்து 2012 ஏப்ரல் 19இல் ஐயாயிரம் கிலோமீட்டர் செல்லவல்ல அக்னி-5 பறந்தபோது, அதன் பயண ஏற்பாட்டுக்கும் அவரே பொறுப்பாளர்.

பத்திரிகைகள் அவருக்கு 'அக்னி புத்திரி' என்று பட்டம் சூட்டின. அன்னை தெரசாவின் பெயரைக் கொண்டவர் அழிவுக் கருவி செய்யலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதை ஆண் விஞ்ஞானிகளிடம் அவ்வளவு ஆர்வத்தோடு யாரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

கணவர் கடற்படை அதிகாரி. வெவ்வேறு ஊர்களில் உத்தியோகம். மகனை வளர்த்ததும் ஏவுகணையை வளர்த்ததும் ஒரே காலத்தில் நடந்தன. இத்தகைய வாழ்வுக்கு மன உறுதி ஒன்றே போதும் என்று சொல்லிவிடுவது எளிது; நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். ஆராய்ச்சிக்கூடத்தை விட்டுச் சாதாரண ஆலைகளின் பக்கம் பாருங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மாலை 7 மணிக்குப் பிறகு காலை 6 மணி வரை பெண்களை வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்புக்காகவே அவ்விதி எழுந்தது. ஆனால் இரவு முறை வேலை உள்ள ஆலைகளில் பெண்களை எடுக்காமலே இருப்பதற்கு அதுவே நல்ல சாக்கும் ஆயிற்று. 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம், போக்குவரத்தும் பாதுகாப்பும் அளிக்கும் நிபந்தனைகளோடு, அத்தடையைச் செல்லாது என்று தீர்த்தது. அதே சட்டத்தில், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியும் இருந்தது. முப்பது பெண்கள் சேரும் வரை காப்பகம் இருக்கவில்லை. காப்பகம் இல்லாத வரை முப்பது பெண்கள் சேர்வதும் அரிதாக இருந்தது!

டெஸ்ஸி தாமஸ் பின்னர் காஞ்சன்பாக்கில் உள்ள உயர்நிலை அமைப்புகள் ஆய்வகத்தின் இயக்குநராகவும், 2018 முதல் வானூர்தி அமைப்புகள் பிரிவின் தலைமை இயக்குநராகவும் விளங்கினார். ஓய்வுக்குப் பின் நம் குமரி மாவட்டத்துக்கு வந்து, நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார்.

2024 மார்ச் 11ஆம் நாள், ஒரே ஏவுகணையில் பல போர்முனைகளை வெவ்வேறு இலக்குகளுக்கு அனுப்பும் புதிய அக்னி-5 சோதிக்கப்பட்டது. அதன் திட்ட இயக்குநரும் ஹைதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, ஷீனா ராணி. அவர் அங்கு வந்து சேர்ந்தது 1999ஆம் ஆண்டில்; அக்னி-2 முதன்முதல் பறந்த அதே ஆண்டு.