ஸ்பீக்கர் பேசுவதற்குள்

மகன் ‘பேக்எண்டு’ வேலைக்குத்தான் போவேன் என்கிறான், அது என்ன வேலை என்று கேட்டீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் அண்ணாச்சி.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கடையில் இரண்டு டீக்கு இப்போது போனில் பணம் கொடுத்தீர்கள். நீங்கள் பார்த்த திரை ஃப்ரண்ட்எண்டு. ரகசிய எண்ணைப் போட்டதிலிருந்து கடைக்காரரின் ஸ்பீக்கர் பணம் வந்ததைச் சொல்லும் வரை நடந்ததெல்லாம் பேக்எண்டு.

ஆப் உங்கள் கோரிக்கையை ஒரு வங்கி வழியாக என்.பி.சி.ஐ.க்கு அனுப்புகிறது. 2016-இல் யுபிஐயைக் கொண்டுவந்தது அந்த நிறுவனம்தான். அது உங்கள் வங்கியைப் பணத்தைக் கழிக்கச் சொல்லும். கழித்தாயிற்று என்று பதில் வந்ததும் கடைக்காரர் வங்கியை வரவு வைக்கச் சொல்லும். எல்லாம் சில நொடிகளில். 2023 ஆகஸ்டிலேயே மாதத்துக்கு 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்றால் இதற்கான நிரலைக் கல்லூரிப் பையனே எழுதிவிடுவான். உங்கள் கணக்கில் கழித்த பிறகு கடைக்காரர் வங்கியிலிருந்து பதிலே வரவில்லை என்று வையுங்கள். பணம் போய்ச் சேராமல் இருக்கலாம். சேர்ந்துவிட்டு, சேர்ந்தது என்ற தகவல் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இந்தப் பக்கம் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை வரவாகிவிடலாம். சும்மா இருந்தால் கடைக்காரருக்கு நஷ்டமாகலாம். அதனால்தான் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண். அதே எண் மறுபடி வந்தால், புதிதாக எதையும் செய்யாமல் பழைய பதிலையே திருப்பிச் சொல்லும்படி எழுத வேண்டும். பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதியே போட்டது.

அடுத்தது டேட்டாபேஸ், கணக்கையெல்லாம் சேர்த்துவைக்கும் இடம். ஒட்டன்சத்திரம் மண்டியில் நாள்வழியில் எழுதிவிட்டுத்தானே பேரேட்டுக்கு ஏற்றுவீர்கள்? போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ்கூட அப்படித்தான், மாற்றத்தை முதலில் பதிவேட்டில் எழுதும், பிறகுதான் மூலத் தரவில் கை வைக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும்.

எந்த நிரல் மொழி, ஜாவாவா, பைத்தானா, கோவா என்று பயிற்சி மையங்கள் பெரிய சண்டையே நடத்துகின்றன. என்னைக் கேட்டால் ஒன்றை உருப்படியாகக் கற்றால் போதும். அடுத்தது தானாக வரும். வங்கிகளில் ஜாவா அதிகம் புழங்குகிறது, அவ்வளவுதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போயே தீர வேண்டும் என்றும் இல்லை. ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-லேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டது. பட்டம் இல்லாமல், பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கும் வேலையை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

கஷ்டமும் உண்டு. சர்வர் படுத்துவிட்டால் நடுராத்திரியில் போன் அடிக்கும். ஒழுங்காக ஓடும்வரை இப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

பையன் தேறுவானா என்று பார்க்க வேண்டுமா? பாண்டியன் எக்ஸ்பிரஸில் கடைசி ஒரு தட்கல் படுக்கைக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால், உன் நிரல் எப்படி ஒருவருக்கு மட்டும் கொடுக்கும் என்று கேளுங்கள். ‘டேட்டாபேஸ் பார்த்துக்கும்ப்பா’ என்பான். அது எப்படிப் பார்த்துக்கொள்ளும் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.