வீட்டு எறும்புகளைக் கட்டுப்படுத்தல்: வீட்டு முறைகளும் விஞ்ஞான விளக்கமும்

மாணவர்களே, சீனிப் போத்தலின் மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் எறும்புகள் வரிசையாக வந்து சேர்வதைக் கண்டிருப்பீர்கள். அவற்றைத் துணியால் துடைத்துக் கொன்றாலும் மறுநாள் அதே இடத்தில் மீண்டும் வரிசை தோன்றும். இது ஏன் நிகழ்கின்றது? இதற்கான விடையை அறிந்தால் எந்த வீட்டு முறை பயன் தரும், எது பயன் தராது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

1. எறும்புச் சமுதாயம்

எறும்பு, ஆத்திரப்போடாக் கணத்தின் இன்செக்டா வகுப்பைச் சேர்ந்த சமூகப் பூச்சியாகும். கூட்டில் முட்டையிடும் இராணியும், சிறகற்ற பெண் வேலையாட்களும், குடம்பிகளும் காணப்படும். உணவு தேடி வெளியே வருவன வேலையாட்களில் ஒரு பகுதி மட்டுமே. எனவே கண்ணில் பட்டவற்றைக் கொன்றாலும், கூட்டிலுள்ள இராணி தொடர்ந்து முட்டையிடுவதால் அவ்விழப்பு விரைவில் ஈடுசெய்யப்படும்.

2. வரிசை உண்டாகும் விதம்

உணவைக் கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது, வயிற்றுப் பகுதியிலுள்ள சுரப்பியிலிருந்து பெரமோன் எனும் இரசாயனப் பொருளை வழியில் இட்டுச் செல்லும். ஏனையவை அதனை உணர்கொம்புகளால் உணர்ந்து அவ்வழியே வரும். அவையும் பெரமோனை இடுவதால் தடம் மேலும் வலுப்பெறும்.

3. வீட்டு முறைகள்

(அ) தடத்தை அழித்தல்: சவர்க்கார நீரால் அல்லது வினாகிரி கலந்த நீரால் வழி முழுவதையும் துடைக்க வேண்டும். பெரமோன் அகற்றப்படுவதால் எறும்புகள் வழி தவறும். சிந்திய உணவையும் அகற்றாவிடின் புதிய தடம் உருவாகும்.

(ஆ) விலக்கிகள்: கறுவா, கராம்பு, மஞ்சள் போன்றவற்றைத் தூவலாம். இவை எறும்புகளைச் சிறிது காலம் விலக்குமேயன்றிக் கூட்டை அழிக்கமாட்டா. மணம் குறைந்ததும் பயனும் குறையும்.

(இ) நீர்த் தடை: உணவு அலுமாரியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைப்பது பழைய வழக்கம். பரப்பிழுவை காரணமாகச் சிறிய எறும்புகள் நீரின்மீது மிதந்து கடக்கலாம். சிறிது சவர்க்காரம் சேர்த்தால் பரப்பிழுவை குறைந்து அவை அமிழும்.

(ஈ) இரை: 100 மில்லிலீற்றர் நீரில் 10 கிராம் சீனியும் 1 கிராம் போரிக் அமிலமும் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைக்கலாம். வேலையாட்கள் உண்ட திரவத்தை வாய்வழியாக ஏனையவற்றுக்கும் ஊட்டுவதால் நஞ்சு இராணியையும் சென்றடையும். அமிலத்தின் அளவைக் கூட்டினால் வேலையாட்கள் கூட்டை அடையுமுன்பே இறந்துவிடும். ஆகவே இங்கு மெதுவாகச் செயற்படுவதே நன்மையாகும். பலன் கிடைக்கச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை செல்லும். அதுவரை இரைக்கு வரும் எறும்புகளைக் கொல்லவோ அத்தடத்தைத் துடைக்கவோ கூடாது.

4. கவனிக்க வேண்டியவை

• போரிக் அமிலம் விழுங்கப்பட்டால் நஞ்சாகும். இரையைப் பெரியவர்களே தயாரித்து, குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.
• எறும்புக்கென விற்கப்படும் வெண்கட்டிகளில் பூச்சிநாசினி உண்டு. அவை பாடசாலை வெண்கட்டி போன்றே தோன்றுவதால் சிறுவர் கையில் அகப்படக்கூடாது.
• நீர்க் கிண்ணங்களில் டெங்கு நோயைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு முட்டையிடலாம். முட்டை நிறைவுடலியாக மாற ஏறத்தாழ ஒரு வாரமே போதும். எனவே வாரத்துக்கு ஒரு முறையேனும் நீரை ஊற்றிவிட்டு, உட்சுவரில் ஒட்டியுள்ள முட்டைகள் நீங்குமாறு நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும். எறும்பைத் தடுக்கப்போய் நுளம்பை வளர்த்துவிடக்கூடாது.

5. மாதிரி வினாவும் விடையும்

வினா: எறும்புகளைக் கட்டுப்படுத்துவதில் உடனடியாகக் கொல்லும் நஞ்சைவிட மெதுவாகச் செயற்படும் இரை சிறந்தது. காரணம் தருக.

விடை: உடனடி நஞ்சு வெளியே வந்த வேலையாட்களை மட்டும் கொல்லும். மெதுவாகச் செயற்படும் இரை வேலையாட்களால் கூட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இராணிக்கும் குடம்பிகளுக்கும் ஊட்டப்படும். இராணி இறந்தால் புதிய முட்டைகள் இடப்படாமையால் கூடு அழியும்.

பயிற்சி: உங்கள் வீட்டில் ஓர் எறும்பு வரிசையை அவதானியுங்கள். அதன் குறுக்கே ஒரு விரலகலத்தைச் சவர்க்கார நீரால் துடைத்து, எறும்புகளின் நடத்தையை 10 நிமிடங்களுக்குக் குறித்துக்கொண்டு, அதற்கான காரணத்தை எழுதுக.