பசியாறும் நாடுகள்: மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலை உணவு

நடனங்களும் சடங்குகளும் கைவினைகளும் இடம்பெறும் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில், 2024 டிசம்பரில், மலேசியாவின் காலை உணவுப் பண்பாடும் சேர்க்கப்பட்டது. தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோறும், வீசி விரித்துச் சுடும் ரொட்டி சானாயும், நுரைபொங்க ஆற்றித் தரப்படும் தே தாரிக் என்னும் தேநீரும் அதன் அடையாளங்களாக முன்வைக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2020இல், அண்டை நாடான சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு இதே பட்டியலில் இடம்பெற்றிருந்தது. பல இனத்தார் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நல்லிணக்கத்தின் சான்றாக இவ்விரண்டையும் அரசுகள் எடுத்துக்காட்டுகின்றன. அது பொய்யன்று, ஆயினும் அம்மேசை எவ்வாறு உருவாயிற்று என்பதை அது சொல்வதில்லை. இவ்விரு நாடுகளிலும் காலை உணவு வீட்டைவிட்டுத் தெருவுக்கு வந்ததற்கு முதற்காரணம் நல்லிணக்கம் அன்று, சமையலறை இல்லாத கூலித் தொழிலாளரின் வேலை நேரமே ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஈயச் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்த சீனரிலும் தமிழரிலும் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள். நகரங்களில் அவர்கள், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த கடைவீடுகளின் மாடியறைகளில் நெருக்கியடித்துத் தங்கினர். அங்கே படுக்க இடம் கிடைத்ததே பெரிது என்னும்போது அடுப்புக்கு இடமேது? ஆகவே காவுதடியில் அடுப்பையும் பாத்திரத்தையும் சுமந்து தெருத்தெருவாக வந்த வியாபாரியே அவர்களுடைய சமையலறை ஆனார். தோட்டப்புறத்தின் கதை சற்று வேறு. ரப்பர் மரத்தில் பால் வடிவது வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில்தான் மிகுதி என்பதால், தமிழ்த் தொழிலாளர் இருள் விலகுமுன்பே ‘பெரட்டு’ எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நின்று, பிறகு தோட்டத்துக்குள் சென்று பாலுக்காக மரப்பட்டையை வெட்டத் தொடங்க வேண்டியிருந்தது. ஆற அமர இலைபோட்டு உண்ணும் காலை உணவு என்பது அத்தகைய நாளில் இருக்க முடியாது. ஆயினும் காலை உணவின் மீதான அக்கறை குறையவில்லை; இன்றும் இவ்விரு நாட்டுத் தமிழரும் காலையில் சந்தித்தால் “பசியாறியாச்சா?” என்றுதான் நலம் விசாரிக்கின்றனர்.

கடிகாரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கிழக்கு மலேசிய மாநிலங்களோடு நேரத்தை ஒன்றாக்கும் பொருட்டுத் தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளிவைக்க, சிங்கப்பூரும் அதைப் பின்பற்றியது. அதன் விளைவாகக் கோலாலம்பூரில் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் எழும்போது கடிகாரம் ஏழு மணியைத் தாண்டிவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் வேலைக்குச் செல்வோரும் இருட்டிலேயே வீட்டைவிட்டுப் புறப்படுவதால், வழியில் பொட்டலம் வாங்கிச் சென்று வேலையிடத்தில் பிரிப்பதோ, போய்ச் சேர்ந்தபின் பக்கத்துக் கடையில் அமர்வதோ இயல்பான வழக்கமாகிவிட்டது.

அத்தகைய பொட்டலங்களில் முதலிடம் நாசி லெமாக்குக்கே உரியது. மலாய்க்காரரின் உணவாகிய இதில், தேங்காய்ப்பாலும் இலங்கைத் தமிழர் ரம்பை என்று அழைக்கும் பாண்டான் இலையும் சேர்த்து வேகவைத்த சோற்றின்மேல், காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் அரைத்து வதக்கிய சம்பல், மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலி, வறுத்த வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, அரை முட்டை ஆகியவை வைக்கப்படுகின்றன. வாழையிலைத் துண்டில் குவித்துத் தாளால் கூம்புபோல் மடித்த சிறு பொட்டலமே இதன் பழைய வடிவம். இதன் தரத்தை மலேசியர் சோற்றைக் கொண்டு மதிப்பிடுவதில்லை, சம்பலைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். பெலாச்சான் என்னும் நொதித்த இறால் விழுதின் வாடையும் புளியின் கூர்மையும் சர்க்கரையின் இனிப்பும் ஒன்றையொன்று மீறாமல் நிற்பதில்தான் விற்பவரின் கைத்திறன் தெரிகிறது.

காப்பிக்கடையின் வரலாறு இன்னும் சுவையானது. கோப்பித்தியாம் என்று வழங்கும் இக்கடைகளை வளர்த்தவர்களுள் முதன்மையானவர்கள், தென்சீனத்தின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் ஆவர். ஹொக்கியன், தியோச்சியு, கன்டனீசு மொழிகளைப் பேசிய சீனர்களுக்குப் பின்னர் வந்து சேர்ந்தமையால் வணிகமும் நல்ல தொழில்களும் ஏற்கெனவே பிறர் கையில் இருப்பதைக் கண்ட அவர்கள், ஆங்கிலேயரின் வீடுகளிலும் விடுதிகளிலும் கப்பல்களிலும் சமையற்காரர்களாகச் சேர்ந்தனர். காலப்போக்கில் அவ்வேலைகள் அருகியபோது சொந்தக் கடை வைத்து, துரைமார் வீட்டில் கற்ற ரொட்டியையும் வெண்ணெயையும் முட்டையையும் காப்பியையும் உள்ளூர்க் கூலிக்கு ஏற்ற விலையில் விற்றனர். பழ ஜாமுக்குப் பதிலாக, தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் பாண்டான் இலையும் சேர்த்து, இளந்தீயில் நெடுநேரம் கிளறி எடுக்கும் ‘காயா’ அங்கே ரொட்டியில் தடவப்படுகிறது. கரியடுப்பில் வாட்டிய இரு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காயாவையும் குளிர்ந்த வெண்ணெய்ப் பாளத்தையும் வைத்துத் தருவர். உடன் வரும் முட்டைகள், கொதிநீரில் சில நிமிடம் மட்டும் மூழ்கியிருந்து, வெண்கரு பாதி இறுகியும் மஞ்சள்கரு இறுகாமலும் இருப்பவை. உண்பவர் அவற்றைத் தாமே தட்டில் உடைத்து ஊற்றி, கறுப்புச் சோயா ரசமும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்துக் கலக்கி, ரொட்டியை அதில் தோய்த்து உண்கிறார். முதன்முறை காணும் தமிழ்நாட்டுக்காரருக்கு அது சற்றுத் தயக்கத்தைத் தரலாம்; இனிப்பும் உப்பும் ஒரே கவளத்தில் சேரும் அந்தச் சுவை பழகிவிட்டால் விடுவது கடினம்.

அக்கடைகளின் காப்பி, கும்பகோணத்து டிகிரி காப்பிக்கு எவ்வகையிலும் உறவாகாது. காப்பிச் செடியின் இலையைத் தாக்கும் துருநோய் 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டுப் பின்னர் ஆசியத் தோட்டங்களில் பரவியபோது, மணம் மிகுந்த அரபிகா வகை அழிந்து, நோயைத் தாங்கும் லைபீரிகாவும் ரொபஸ்டாவும் இப்பகுதியில் நிலைத்தன. ரொபஸ்டாவின் கசப்பை மறைக்கும் பொருட்டுக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுக்கும் முறை தோன்றியது. அந்தத் தூளைத் துணிப்பையில் இட்டு, நீண்ட மூக்குடைய கெண்டியில் வடித்து இறக்குகின்றனர். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்து வெப்பநாட்டில் புதுப்பால் கெட்டுப்போகும் என்பதால் இனிப்பூட்டிய டின் பாலே சேர்க்கப்பட்டது. அக்கட்டாயம் நீங்கிய பின்னும் டின் பால் நீங்கவில்லை. பால் காலியான டின்னிலேயே காப்பியை ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்த காலமும் இருந்தது. சர்க்கரை மட்டும் சேர்த்தது ‘கோப்பி ஓ’, இனிப்பில்லாத டின் பால் சேர்ந்தது ‘கோப்பி சி’, சர்க்கரையே வேண்டாம் என்றால் ‘கோசோங்’, பனிக்கட்டி வேண்டும் என்றால் ‘பெங்’ என, மலாயும் ஹொக்கியனும் கலந்த இந்தக் குறிப்புமொழியைக் காப்பிக்கடைக்கு வருவோர் எல்லாரும், தமிழர் உட்பட, தடுமாறாமல் பேசுகின்றனர்.

மூன்றாவது மேசை தமிழருடையது. இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் வளர்த்தெடுத்த ‘மாமாக்’ உணவகங்கள்தாம் ரொட்டி சானாயை நாடறியச் செய்தன. சிங்கப்பூரில் இதன் பெயர் ரொட்டி பிராட்டா. பிசைந்த மைதா மாவை உருண்டைகளாக்கி, எண்ணெயிலோ மார்ஜரினிலோ பல மணிநேரம் ஊறவிட்டு, ரொட்டி போடுபவர் ஓர் உருண்டையைத் தட்டி, விளிம்பைப் பிடித்துக் கல்மேடையில் சுழற்றி வீசுகிறார். மறுபுறம் உள்ள விரல் நிழலாகத் தெரியும் அளவுக்கு மாவு மெலிந்ததும் நான்கு புறமும் மடித்துத் தட்டையான கல்லில் சுட்டு, வெந்ததை இரு உள்ளங்கைகளாலும் அடித்து அடுக்குகளைப் பிரித்துவிடுகிறார். தமிழ்நாட்டில் விருதுநகரிலும் செங்கோட்டையிலும் அந்திக்குப் பிறகே களைகட்டும் பரோட்டாவின் உறவினரான இது, கடல் கடந்ததும் காலை உணவாகி, சால்னாவுக்குப் பதிலாகப் பருப்புக் குழம்பையும் மீன் குழம்பையும் துணைக்கு அழைத்துக்கொண்டது. தோசையும் இவ்வாறே பொதுவுடைமை ஆயிற்று. மாமாக் உணவகத்தில் சீனர் ஒருவர் தோசைக்குச் சட்னி கேட்பதை அங்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புத்து மாயம் என்னும் பெயரில் இடியப்பம், துருவிய தேங்காயோடும் பனைவெல்லத்தோடும் மோட்டார் சைக்கிளில் வீதிவலம் வருகிறது.

எனினும் ஒரே மேசை என்னும் சித்திரத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. பன்றியிறைச்சி விற்கும் சீனக் காப்பிக்கடையில் முஸ்லிம் மலாய்க்காரர் அமர்வதில்லை. கிள்ளான் நகரத்தின் புகழ்பெற்ற காலை உணவான பக்குத்தே, பன்றி எலும்பு ரசம் என்பதால், நாட்டில் ஒரு பெரும் பகுதியினருக்கு என்றுமே அயல் உணவுதான். ஹலால் விதிப்படி நடப்பதால் மலாய்க்காரரும், சுவைக்காகச் சீனரும், பழக்கத்தால் இந்தியரும் வந்து கூடும் மாமாக் உணவகமே உண்மையான பொதுமேசை. அதை அமைத்துக் கொடுத்தவர்கள், மலேசிய மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடாக உள்ள இந்தியருக்குள்ளும் சிறுபான்மையினரான தமிழ் முஸ்லிம்கள் என்பது போதுமான அளவு பேசப்படாத செய்தி.

தேங்காய்ப்பாலும் மைதாவும் டின் பாலும் உழைத்த உடலுக்கும் சுமந்த தோளுக்கும் பொருந்தியவை. இன்று அதே உணவை உண்டுவிட்டு நாற்காலியில் அமர்வோரின் நிலை வேறு. வயதுவந்த மலேசியரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு காட்டியது. அவ்வாண்டு ஜூலையில் புட்டியிலும் டின்னிலும் அடைத்த இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது. கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்கை அது தொடவில்லை. சிங்கப்பூரோ 2023 டிசம்பர் இறுதியில், சர்க்கரை அளவின்படி ஏ முதல் டி வரை தரமிடும் முறையைக் கடைகளில் புதிதாகத் தயாரிக்கும் பானங்களுக்கும் விரிவாக்கியது.

கடைமேசையை நம்பிய இப்பழக்கம் தலைகீழாவது பண்டிகை நாள்களில்தான். நோன்புப் பெருநாள் காலையில் மலாய் வீடுகளில், தென்னங்குருத்தோலையால் பின்னிய கூட்டில் அவித்த கெத்துப்பாட் சோறும், தேங்காய்ப்பாலில் சுண்ட வைத்த இறைச்சியான ரெண்டாங்கும் பரிமாறப்படுகின்றன. தீபாவளியன்று தமிழர் வீடுகளில், எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவர்களுக்குத் தோசையும் இட்டிலியும் ஆட்டிறைச்சிக் குழம்போடு காத்திருக்கின்றன. ஆண்டு முழுவதும் அந்தத் தோசையைக் கடையில் உண்ணும் சீன நண்பர்களும் மலாய் நண்பர்களும், ‘திறந்த இல்லம்’ என்னும் விருந்தோம்பல் வழக்கப்படி, அன்று அதை உண்ண வீட்டுக்கே வருகின்றனர்.