நஞ்சைக் குறைத்த தோட்டக்காரர்கள்

காய்கறிகளின் மேல் தெளிக்கப்படும் நஞ்சு நம் வீட்டு உலைக்கு வருகின்றதே என நாம் அஞ்சுகின்றோம். ஆனால் அந்நஞ்சு முதலில் தாக்குவது அதைத் தெளிப்பவனையே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்புறமும் அடைக்கப்பட்ட பசுமைக்குடிலில் உழைப்போர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

இந்நிலையிலிருந்து மீள வழி கண்டவர்களும் உண்டு. ஹாலந்து நாட்டில் யான் கோப்பர்ட் என்னும் வெள்ளரி விவசாயிக்கு மருந்துகள் உடலுக்கு ஒவ்வாமற்போயின. 1967ஆம் ஆண்டில் அவர், செடியின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்று வாழும் வேறொரு பேனைத் தம் தோட்டத்தில் விட்டார். பகையைப் பகையே வென்றது.

தக்காளி விவசாயிகளை மாற்றியதோ ஒரு தேனீ. தக்காளிப் பூவை அதிரச் செய்தால்தான் மகரந்தம் நன்கு உதிரும். முன்னர் ஆட்கள் கையால் செய்துவந்த அப்பணியை, 1980களின் இறுதியிலிருந்து 'பம்பிள்' என்னும் பெருந்தேனீ ஏற்றுக்கொண்டது. கண்டபடி மருந்தடித்தால் தேனீ மடியும், காயும் குறையும். எனவே தெளிப்பானை எடுக்குமுன் விவசாயி இருமுறை சிந்திக்கலானான்.

ஸ்பெயின் நாட்டின் அல்மேரியா மாநிலத்தில் 30,000 எக்டேருக்கு மேல் பசுமைக்குடில்கள் உள்ளன. அங்கு விளைந்த குடைமிளகாயில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருப்பதை 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியில் கண்டுபிடித்தனர். வாங்குவோர் பின்வாங்கினர், பிழைப்புக்கே ஆபத்து வந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் அம்மாநிலத்துக் குடைமிளகாய்த் தோட்டங்களில் பெரும்பாலானவை நன்மை செய்யும் பூச்சிகளை நாடின.

உடல்நலம், தேனீ, சந்தை என்று தூண்டுதல்கள் வேறுபட்டாலும், தேர்ந்துகொண்ட வழி ஒன்றே. முதலில் சன்னல்களில் நுண்வலை. அடுத்து, பூச்சி வந்ததை அறிய மஞ்சள் நிற ஒட்டும் அட்டை. பின்பு, தீய பூச்சி பெருகுமுன் நல்ல பூச்சி. இவை போதாதபோது மட்டுமே, நல்ல பூச்சியைக் கொல்லாத மருந்து.

இவ்வழியில் இடர் இல்லாமலில்லை. நல்ல பூச்சிக்கு விலையுண்டு. நாள்தோறும் இலைகளைப் புரட்டிப் பார்க்கும் உழைப்பும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓரிரு பூச்சிகளைக் கண்டும் கலங்காத பொறுமை வேண்டும். இரையே இல்லாவிடில் காவற்பூச்சி எவ்வாறு வாழும்?

அப்பொறுமை விவசாயிக்கு மட்டும் உரியதன்று. சிறு வடுவும் இல்லாத காயையே பொறுக்கியெடுக்கும் நாமும் அவன் கையில் தெளிப்பானைக் கொடுத்தவர்களே. அடுத்த முறை சந்தையில் கூடையைக் கிளறும்போது இதனை நினைவிற்கொள்வோமாக.