மண்ணைக் கவ்வினால்தான் வெற்றி!

மல்யுத்தத்தில் மண்ணைக் கவ்வியவன் தோற்றவன். ஆனால் மண்ணைக் கவ்வினால்தான் ஜெயம் என்று ஒரு பொருள் உலகத்தில் உண்டென்றால், அது நங்கூரம்தான்!

நங்கூரம் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? "நல்ல கனமான இரும்பு, அந்தக் கனம்தான் படகைப் பிடித்து நிறுத்துகிறது" என்றுதானே? கனத்தை மட்டும் நம்பியது ஆதி காலத்து வழக்கம். துவாரகைக் கடலுக்கடியில் துளையிட்ட கல் நங்கூரங்கள் பல கிடைத்திருக்கின்றன. கல் வெறும் பாரம், அவ்வளவுதான். நல்ல இரும்பு நங்கூரமோ தன் எடையைப்போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்கும். தரையில் புதைந்துகொள்வதுதான் அதன் ரகசியம்.

மாடு கட்டும் முளைக்குச்சியைப் பாருங்கள். மாடு பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. நேர் மேலே இழுத்தால் ஒரு பையன் பிடுங்கிவிடுவான். நங்கூர சாஸ்திரம் முழுவதும் இதற்குள் அடக்கம்.

எதை வாங்குவது?

புடவை எடுக்கும்போது எந்த விசேஷத்துக்கு என்று பார்க்கிறோம் அல்லவா? அதுபோல, எந்தத் தரைக்கு என்று பார்த்துத்தான் நங்கூரம் வாங்க வேண்டும்.

படங்களில் நாம் பார்க்கும் பழைய நங்கூரத்துக்கு இரண்டு வளைந்த கைகள்; தலைப்பக்கம் குறுக்கே ஒரு தண்டு. எப்படி விழுந்தாலும் அந்தத் தண்டு புரட்டிவிட, ஒரு கை தரையில் குத்திக்கொள்ளும். பாறைக்கும் கடற்பாசிக்கும் இது நல்லது. சேற்றில் அதன் மெல்லிய கை பிடிக்காது.

1933-இல் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கிலேயக் கணித நிபுணர், பாய்மரப் படகுப் பிரயாணத்தில் மோகம் கொண்டவர், கலப்பைக் கொழு போன்ற ஒரு நங்கூரத்தை அமைத்தார். எடை குறைவு, பிடி அதிகம். இழுக்க இழுக்க மணலை உழுதுகொண்டு உள்ளே இறங்கும். 1939-இல் அமெரிக்கரான டான்ஃபோர்த், இரண்டு அகன்ற தகடுகள் கொண்ட இன்னொன்றைச் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் படைகளை இறக்கிய படகுகள் இதைப் பின்னால் போட்டுவிட்டுக் கரையேறின. பிறகு அதையே பற்றி இழுத்துத் தங்களைக் கடலுக்குள் மீட்டுக்கொண்டன! மணலிலும் சேற்றிலும் இது கெட்டிக்காரன், பாறையில் செல்லாக்காசு.

ஆகவே அனுபவசாலிகள் இரண்டு விதமான நங்கூரங்களை வைத்திருப்பார்கள். இரண்டு அளவுகளுக்கிடையே சந்தேகம் வந்தால் பெரியதையே வாங்குவார்கள்.

எப்படிப் போடுவது?

சினிமாவில் வருவதுபோல் சுழற்றி வீசக்கூடாது. வீசினால் சங்கிலி நங்கூரத்திலேயே சுற்றிக்கொள்ளும். படகின் முகப்பைக் காற்றுக்கு எதிரே திருப்பி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். அது தரை தொட்டதும் படகைப் பின்னால் நகரவிட்டுச் சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும்.

தாராளம் என்றால் எவ்வளவு? கணக்கு சுலபம். தண்ணீர் ஆழம் 5 மீட்டர். ஓதம் ஏறினால் இன்னும் 2 மீட்டர். படகு முகப்பின் உயரம் 1 மீட்டர். ஆகமொத்தம் 8. சங்கிலியானால் இதைப்போல 5 மடங்கு, அதாவது 40 மீட்டர். பெரும்பகுதி கயிறானால் 7 மடங்கு, 56 மீட்டர். காற்று பலத்தால் இன்னும் அதிகம். சிக்கனம் பிடித்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய்விடும். பிறகு முளைக்குச்சி கதைதான்!

கடைசியில் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி, நங்கூரத்தை அழுத்தமாகப் புதைய விட வேண்டும். கரையில் ஒரு கோபுரமும் ஒரு பனைமரமும் ஒரே கோட்டில் தெரிகின்றனவா? சற்று நேரம் கழித்தும் அப்படியே தெரிந்தால், நங்கூரம் பிடித்துவிட்டது. கோடு விலகினால் படகு நகர்கிறது என்று அர்த்தம். தூக்கி, மறுபடி போட வேண்டியதுதான். இப்போது இருக்கும் இடத்தை விட்டு விலகினால் மணியடிக்கும் ஜி.பி.எஸ். கருவிகள் வந்துவிட்டன. இருந்தாலும் கண்ணால் பார்ப்பதை மாலுமிகள் விடவில்லை.

இத்தனையும் எதற்கு? 1859 அக்டோபரில் மெல்போர்னிலிருந்து லிவர்பூல் திரும்பிக்கொண்டிருந்தது 'ராயல் சார்ட்டர்' கப்பல். தங்கம் தேடிப் போய் ஊர் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். வீடு சேரச் சில மணி நேரமே பாக்கி. வேல்ஸ் கரையோரம் கடும் புயல். இரண்டு நங்கூரங்களையும் பாய்ச்சினார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு சங்கிலி அறுந்தது. ஒரு மணி நேரத்தில் மற்றதும் அறுந்தது. கப்பல் பாறையில் மோதிச் சுமார் 450 பேர் மாண்டார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நங்கூரம் நல்லதாக இருந்தால் போதாது. கடைசி வளையம் வரை பலம் வேண்டும். இந்தத் துயரத்துக்குப் பிறகுதான், 1861-இல், பிரிட்டனில் புயல் எச்சரிக்கை முறை பிறந்தது.

நம் சென்னையிலும் 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில், வெளியே நங்கூரமிட்டிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் கரைக்குத் தள்ளப்பட்டுத் தரை தட்டியது. உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் சிலர் கடலுக்குப் பலியானார்கள்.

அடுத்த முறை குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகும்போது, துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்களைக் காட்டுங்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும். "ஏனம்மா?" என்று அவர்கள் கேட்டால், காற்றும் நீரோட்டமும் கப்பல்களை அப்படித் திருப்பியிருக்கின்றன என்று சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒவ்வொன்றும் மண்ணைக் கவ்வி நிற்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்!