தேர்வு எழுதியாயிற்று, முடிவு வரவில்லை

2022 ஜூலை 24-ஆம் தேதி, அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நடந்தது. முடிவு வெளியானது 2023 மார்ச் 24. இடையில் எட்டு மாதம். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அறிவிப்பில் சொல்லப்பட்ட இடங்கள் 7,301. தேர்வு முடிந்த கையோடு விடைகளைச் சரிபார்த்து, எத்தனை தேறும் என்று கூட்டிக் கழித்தவர்கள், அதற்குப் பிறகு அந்த எட்டு மாதத்தை எப்படி ஓட்டினார்கள்?

படிக்கிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் புத்திமதி எல்லாமே தேர்வுக்கு முந்தைய நாட்களைப் பற்றியது. விடியற்காலையில் எழுந்திரு, போனைத் தூக்கி வை, வெறியோடு படி. காத்திருக்கும் மாதங்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆள் உடைந்துபோவது அங்கேதான். பாஸாகிவிடும் என்று தோன்றினால் புத்தகத்தைத் திறக்கக் கை வராது. ஆகாது என்று தோன்றினாலும் வராது. நாளுக்கொரு யூடியூப் சேனல் ஆளுக்கொரு கட்-ஆஃப் சொல்லும். ஒரு கேள்விக்கு 1.5 மதிப்பெண், அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். நடுவில் ஒரு கல்யாண வீடு வரும். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "இன்னும் ரிசல்ட் வரலியா தம்பி?" என்பார். அடுத்த கல்யாணத்துக்கு அந்தத் தம்பி போகமாட்டான்.

இப்படிச் சோர்ந்தவனைப் பார்த்து, மனசில் உறுதி இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதல்ல. ஊக்கம் குறைந்தவன் என்று நாம் சொல்பவனிடம் குறைவது பெரும்பாலும் மூன்று: குறித்த நேரம், உட்கார ஓர் இடம், கூடப் படிக்க ஒரு துணை. இந்த மூன்றும் அமைந்தால், மனசு சரியில்லாத நாளிலும் படிப்பு நடக்கும்.

சந்தேகம் இருந்தால், மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசலில் திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்று பாருங்கள். முதுகுப் பை, தண்ணீர் பாட்டில், மத்தியானத்துக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிய டப்பா. கதவு திறந்ததும் ஒவ்வொருவரும் நேற்று உட்கார்ந்த அதே நாற்காலிக்குப் போவார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது. அங்கே பையிலிருந்து வெளியே வருபவை ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் சமச்சீர் பாடநூல்கள். படிக்கப் புத்தகம் வீட்டிலேயே இருக்கிறது. ஆனாலும் பஸ் ஏறி வருகிறார்கள் என்றால், அந்த நாற்காலிக்காகவும் பக்கத்து நாற்காலிக்காரருக்காகவும்தான். ஒரு நாள் வராவிட்டால் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வரும்.

ஊக்கப் பேச்சு வீடியோக்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும்; சிலிர்ப்பு அடங்கியதும் அடுத்த வீடியோ. அதைவிட ஆபத்து, வேலை கிடைத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருப்பது. உளவியலாளர்கள் கேப்ரியேல் எட்டிங்கனும் டோரிஸ் மேயரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஜெர்மனியில் படிப்பு முடித்து வேலை தேடிய பட்டதாரிகளை இரண்டு ஆண்டு கழித்து மறுபடி விசாரித்தார்கள். வேலையில் சேர்ந்துவிட்டது போல அடிக்கடி இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. முயன்றால் கிடைக்கும் என்று நம்பியவர்களோ நன்றாகவே தேறினார்கள். நம்பிக்கை ஆளை உட்காரவைத்துப் படிக்கச் செய்கிறது. பகற்கனவு, கிடைத்துவிட்ட நிறைவை முன்கூட்டியே தந்து, எழுந்திருக்க விடாமல் செய்துவிடுகிறது.

இன்னொரு ஆய்வு 1997-இல் வந்தது. பீட்டர் கோல்விட்ஸரும் வெரோனிகா பிரான்ட்ஸ்டேட்டரும் செய்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்புங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். பாதிப் பேரிடம் மட்டும், எந்த இடத்தில், எந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்பே குறித்து வாங்கிக்கொண்டார்கள். அப்படிக் குறித்துக் கொடுத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் முடித்துவிட்டார்கள். குறிக்காதவர்களில் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். எல்லாரும் மாணவர்கள், எல்லாரும் எழுதச் சம்மதித்தவர்கள். வித்தியாசம் அந்த இடமும் நேரமும்.

ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். இந்த ஆராய்ச்சி எதுவும் அவர் கேள்விப்பட்டதில்லை. பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்ததும், பாத்திரத்தில் கை வைக்கும் முன், அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படிப்பார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தினசரி காலண்டரில் அன்று கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஐந்து கேள்வி எழுதுவார். விடை எழுதமாட்டார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவருடைய அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேட்பார். தெரியாததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த கேள்வி மறுநாள் தாளுக்குப் போய்விடும். தாள்களை ஒரு கிளிப்பில் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். கிளிப் நிறைந்தால் புதுக் கிளிப். மூடு வரட்டும் என்று காத்திருந்தால் தனக்கு அது ஒருநாளும் வராது என்பது அவர் கட்சி. வேன் போவதுதான் அவருக்கு மணியடிக்கிற மாதிரி.

அவர் செய்வதில் நான் பெரிதாக மதிப்பது அந்தக் கிளிப்பை. தேர்வு முடிவு வருவதற்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை, முன்னேறியிருக்கிறோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத முன்னேற்றத்துக்காக யாரும் நெடுநாள் உழைக்கமாட்டார்கள். கனத்துக்கொண்டே போகும் தாள்கட்டு கண்ணுக்குத் தெரியும்.

ஒரு நாள் விட்டுப்போனால்? சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் டைம்-டேபிள் போட்டு ஒட்டியவர்கள் பலர் நான்காம் நாளே அதைக் கைவிடுவது இதனால்தான். விருந்தாளி வந்தார், ஒரு நாள் போயிற்று, எல்லாமே போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கிற அளவுக்குப் படிய, நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு மாதத்தில் வந்தது நமக்கு ஏழெட்டு மாதமானாலும் அதில் குறை ஒன்றுமில்லை.

கசப்பான கணக்கு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை 12-இல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்தவை 3,935 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 350 பேர். இதை மறைத்துவிட்டு "உன்னால் முடியும்" என்று மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். கட்-ஆஃப் யார் கையிலும் இல்லை. ஆனால் திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் இன்று 15 சரியாகப் போடுகிறவர், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., மீ.பெ.கா. என்று தினம் பத்துக் கணக்கு போட்டு 22-க்கு வருவது அவர் கையில் இருக்கிறது. அதற்கு 10.5 மதிப்பெண் கூடும். இலக்கை அங்கே வைத்துக்கொண்டால் காத்திருக்கும் மாதங்களிலும் செய்வதற்கு வேலை இருக்கும்.

எத்தனை முறை எழுதுவது என்பதையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது; தோற்ற மறுநாள் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது. ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொண்டே படியுங்கள் என்பேன். கையில் நாலு காசு இருப்பவருக்கு ஒரு தோல்வி உலகம் இருண்டதுபோல் ஆகாது. குறித்த எல்லை வந்ததும் வேறு வழிக்குத் திரும்புகிறவரை யாரும் கோழை என்று சொல்ல வேண்டாம்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் நூலகத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். கடைக்கும் கம்பெனிக்கும் போய்விட்டு வருகிறவர்கள் ஊர் திரும்பும் நேரத்தில் பல இடங்களில் கிளை நூலகம் பூட்டிக் கிடக்கிறது. வீட்டில் ஒரே அறை, ஒரே டிவி. புதுக் கட்டடம் வேண்டாம். இருக்கிற நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஓர் அறை, நான்கு மேசை, நல்ல விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை, இரவு பத்து மணி வரை சாவி வைத்திருக்க ஓர் ஆள். இவ்வளவு செய்து கொடுங்கள்.