காதலுக்காக இன்னொரு கிரகம்!

இறந்துபோன காதலியைத் தேடி ஒருவன் வேறு கிரகத்துக்கே போகிறான். கேட்கும்போதே ஆவலைத் தூண்டும் கதை அல்லவா?

டைரக்டர் செல்வராகவன் இதைத்தான் 'இரண்டாம் உலகம்' என்று படமாக்கினார். 2013 நவம்பர் 22-ந் தேதி அது திரைக்கு வந்தது. ஆர்யா, அனுஷ்கா இருவருக்குமே இரட்டை வேடம். ஜார்ஜியா நாட்டுக் காடுகளில் படப்பிடிப்பு. பாடல்களுக்கு ஹாரிஸ் ஜெயராஜ்; பின்னணி இசைக்கு அனிருத். செலவுக்கும் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. ஆனால் படம் தோல்வி அடைந்தது.

இப்படிப்பட்ட படங்கள் விழும்போதெல்லாம், "நம் ஜனங்களுக்கு இது புரியாது" என்று சொல்லிவிடுவார்கள். அது சரிதானா?

கூத்து சொல்லும் பாடம்

ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர்ப் பக்கம் வந்து பாருங்கள். இந்த வட்டாரம் தெருக்கூத்துக்குப் பெயர் போனது. திரௌபதி அம்மன் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நடக்கும். நட்டு வைத்த ஒரு மரம் கயிலாயம் ஆகிவிடும்! பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவரும் இரவு முழுவதும் கண் விழித்துப் பார்ப்பார். அவருக்கா கற்பனை இல்லை?

கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். வருகிறவர் யார், எதற்காக வருகிறார் என்று கேட்டுச் சொல்லி விடுகிறான். அதன்பின் எந்த அதிசயத்தையும் ஜனங்கள் நம்புவார்கள்.

முகம் மட்டும் போதுமா?

'இரண்டாம் உலக'த்தில் அந்த ஆள் இல்லை. காதலே அறியாத அந்த உலகம் எந்த விதிப்படி இயங்குகிறது? பூமியில் இருப்பவன் அங்கே எப்படிப் போக முடிகிறது? தெளிவான பதில் கிடைப்பதில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூமியில் டாக்டர் ரம்யா திடீரென்று இறக்கிறாள். நம் கண்ணீர் வருவதற்குள் கதை அடுத்த உலகத்துச் சண்டைக்குத் தாவி விடுகிறது. அங்கே இருப்பவள் வர்ணா என்ற வீரப் பெண். ரம்யாவின் முகம் இருக்கிறது, ரம்யா இல்லை! யாருக்காக நாம் ஏங்குவது?

அன்றே பறந்தார்கள்

தமிழ்ப் படம் விண்வெளிக்குப் போனது புதிதல்ல. 1963-ல் வந்த 'கலை அரசி'யில் வேற்றுக் கிரகவாசி ஒருவன் பானுமதியைக் கடத்திப் போவான். எதற்காக? தன் கிரகத்தாருக்குச் சங்கீதம் கற்றுக்கொடுக்க! எம்.ஜி.ஆர். அவரை மீட்கப் போவார். ஒரே வரியில் சங்கதி விளங்கிவிடுகிறது.

2015-ல் 'இன்று நேற்று நாளை' வெற்றி பெற்றது. கால இயந்திரம் பற்றிய கதைதான். கடந்த காலத்தில் கை வைத்தால் நிகழ்காலம் மாறிவிடும் என்ற விதியை, சிரிக்கச் சிரிக்கச் சொல்லிப் புரிய வைத்தார்கள். காதலுக்கு வந்த ஆபத்தும் அந்த விதியிலிருந்தே பிறந்தது.

செல்வராகவனின் துணிச்சலைக் குறை சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் கலவையான வரவேற்பைப் பெற்ற அவருடைய 'ஆயிரத்தில் ஒருவன்' பிற்காலத்தில் கொண்டாடப்பட்டது. புதிய உலகங்கள் இன்னும் வரட்டும். ஆனால், ரசிகனுக்கு அறிவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். வழி காட்டுங்கள்; எந்தக் கிரகத்துக்கும் அவன் கூடவே வருவான்!